இல்லறத்தில் மிஞ்சுவது எவ்வளவு?

சேமிப்பை ஒரு குணமாகவே பேசுவது நம்முடைய வழக்கம். ஒருவரைக் கெட்டிக்காரர், கையில் காசு நிற்கும் என்று மெச்சுகிறோம். மற்றொருவரைக் கை ஓட்டை, எத்தனை வந்தாலும் தங்காது என்று ஒதுக்குகிறோம். ஆனால் அந்தக் கெட்டிக்காரரையே அவருடைய இருபத்தேழாவது வயதிலும், நாற்பதாவது வயதிலும், ஐம்பத்தைந்தாவது வயதிலும் அருகிலிருந்து பார்த்தவர்கள், ஆளும் மாறாமல் பழக்கமும் மாறாமல் இருக்கையிலேயே, ஒரு காலத்தில் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சியதையும், வேறொரு காலத்தில் மாதக் கடைசியில் மளிகைக் கடையில் பாக்கி நின்றதையும் கண்டிருப்பார்கள். ஒரு தம்பதிக்கு எவ்வளவு மிஞ்சும் என்பதை அவர்களுடைய சிக்கன புத்தியைக் காட்டிலும், இல்லறத்தின் எந்தப் பருவத்தில் அவர்கள் இருக்கிறார்கள் என்பதே பெரும்பாலும் நிர்ணயிக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

பொருளாதார சாஸ்திரத்திலும் இதற்குப் பெயர்பெற்ற சித்தாந்தம் ஒன்று உண்டு. இத்தாலியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பிராங்கோ மொதிலியானி என்பவரும், ரிச்சர்ட் பிரம்பர்க் என்ற இளம் ஆய்வாளரும் சேர்ந்து 1954-இல் வெளியிட்ட கட்டுரையில் பிறந்தது அது. மனிதன் மாதாமாதம் வருவதை மட்டும் பார்த்துச் செலவு செய்வதில்லை, ஆயுள் முழுவதற்கும் வரக்கூடியதை உத்தேசமாக மனத்தில் கொண்டே செலவு செய்கிறான். ஆகையால் இளமையில் கடன்படுகிறான் அல்லது சொற்பமாகச் சேர்க்கிறான், நடுவயதில் சம்பாத்தியம் உச்சத்தில் இருக்கும்போது மிகுதியாகச் சேர்க்கிறான், உத்தியோகம் விட்டபின் சேர்த்ததை எடுத்து ஜீவனம் செய்கிறான் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். மொதிலியானிக்கு 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. மனித ஆயுள் முழுவதையும் கணக்கிட்ட அந்த இருவரில் பிரம்பர்க், முப்பது வயதும் நிரம்பாமலே இறந்துபோனார் என்பது விதியின் விசித்திரங்களில் ஒன்று.

சித்தாந்தம் அழகானதுதான், நம்முடைய வீடுகளில் அது பாதிதான் பலிக்கிறது. இந்தியக் குடும்பங்களின் நிதி நிலைமையை ஆராய ரிசர்வ் வங்கி ஒரு குழுவை நியமிக்க, பேராசிரியர் தருண் ராமதுரையின் தலைமையில் அக்குழு 2017-இல் தன் அறிக்கையைக் கொடுத்தது. சராசரி இந்தியக் குடும்பத்தின் சொத்தில் 84 சதவீதம் நிலம், வீடு முதலிய ஸ்தூலப் பொருள்களிலும், 11 சதவீதம் தங்கத்திலும் கிடக்கிறது என்றும், வங்கி வைப்பு, காப்புறுதி, பங்குப் பத்திரம் எல்லாம் சேர்ந்தும் 5 சதவீதம்தான் என்றும் அந்த அறிக்கை கூறுகிறது. அதைவிட என் கவனத்தைக் கவர்ந்தது வேறொரு முடிவு. மற்ற தேசங்களில் இளம் தம்பதிகள் வீட்டுக் கடனை முதலிலேயே வாங்கி, ஓய்வு பெறுவதற்குள் அடைத்து முடிக்கிறார்கள். நம் தேசத்திலோ வயது ஏற ஏறக் கடனும் ஏறி, பல குடும்பங்கள் ஓய்வு வயதை எட்டும்போது கடனோடேயே எட்டுகின்றன. ஏன் இப்படி என்று கேட்டால், விடை அறிக்கைகளில் அல்ல, நம் வீட்டுக் கணக்கு நோட்டுகளில்தான் இருக்கிறது.

கோயம்புத்தூரில் ஒரு தம்பதி இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணவன் பம்ப்செட் ஆலையில் லேத் ஓட்டுகிறான். பிடித்தம் போகக் கைக்கு 28,000 ரூபாய் வருகிறது. மனைவி ஒரு தனியார் மழலையர் பள்ளியில் ஆசிரியை; அவளுக்கு 14,000. விவாகமாகி ஆறு மாதம் ஆகிறது. வாடகை 8,000, சாப்பாட்டுச் செலவு 9,000, பெட்ரோல் 3,000, போன், கரண்டு, சில்லறை 2,000, ஊரில் இருக்கும் பெற்றோருக்கு 4,000 என்று 26,000 ரூபாயில் குடித்தனம் நடந்துவிடுகிறது. மிச்சம் 16,000, அதாவது மொத்த வரும்படியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். இவர்களுடைய இல்லற வாழ்வில் இனி எக்காலத்திலும், இன்னும் இருபத்தைந்து வருஷம் கழித்துப் பிள்ளைகள் தலையெடுக்கும்வரையில், இத்தகைய விகிதம் திரும்பி வரப்போவதில்லை. ஆனால் அவர்கள் அதை அறியமாட்டார்கள், அறிந்தவர்களும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

அந்த 16,000 ரூபாயும் அவர்கள் கையில் நிற்கிறதா என்றால், அதுவும் இல்லை. தங்கையின் கல்யாணத்துக்குக் கணவன் வாங்கிய கடன் மாதம் 6,000 கேட்கிறது. தன் கல்யாணத்துக்கு முன்பே தங்கையைக் கரையேற்ற வேண்டும் என்பது நம் குடும்பங்களில் அண்ணனுக்கு எழுதாமல் எழுதப்பட்ட சாஸனம். மோட்டார் சைக்கிள் தவணை 3,500. ஆக மிஞ்சுவது 6,500. மொதிலியானியின் சித்தாந்தம் தம்பதியைத் தனியொரு கணக்காக எடுத்துக்கொள்கிறது; நம் வீடுகளில் ஒரு தம்பதியின் கணக்கு மேல் தலைமுறையின் கணக்கோடும் கூடப்பிறந்தவர்களின் கணக்கோடும் பின்னிக் கிடக்கிறது. அண்ணனின் இளமைச் சேமிப்பு தங்கையின் கழுத்தில் நகையாகப் போகிறது. அதே சமயத்தில் மாமனாரின் முதுமைச் சேமிப்பு மனைவியின் கழுத்தில் நகையாக வந்து சேர்கிறது. ஒரு கையால் கொடுத்து மறு கையால் வாங்கியதாகத் தோன்றினாலும், இடையில் செய்கூலி, சேதாரம், மண்டபம், சாப்பாடு என்று கரைந்தது எத்தனை என்று யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

ஆனாலும் நகையை நான் இகழ மாட்டேன். பெண் கொண்டுவந்த நகையைத் தம்பதிகள் தம் சேமிப்பில் சேர்த்துப் பேசாவிட்டாலும், அவசரத்துக்கு முதலில் கைபோகிற இடம் அதுதான். பிரசவம் சிக்கலானால், மாமனாருக்கு நெஞ்சுவலி வந்தால், பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்து மறுநாளே பணம் கட்டச் சொன்னால், வளையல்கள் ஒரு துணிப் பையில் சுற்றப்பட்டு வங்கிக்குப் போகின்றன. மதிப்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு அரைமணி நேரத்தில் ரொக்கமாகிறது. 2000-ஆம் வருஷத்தில் பவுன் 4,000 ரூபாய்க்கும் குறைவாக விற்றது. 2025-இல் 70,000 ரூபாயையும் தாண்டிவிட்டது. இந்த ஏற்றத்தைப் பார்த்தபின் பாட்டிமாரின் நகைப் பித்தை மூடத்தனம் என்று பரிகசித்த படிப்பாளிகள் சற்று அடங்கியே பேசுகிறார்கள். தோஷம் நகையில் இல்லை. அடகு வைத்ததை மீட்காமல் வருஷந்தோறும் வட்டி மட்டும் கட்டித் திருப்பி வைப்பதில் இருக்கிறது.

மிஞ்சிய 6,500-இல் 5,000 ரூபாய் சீட்டுக்குப் போகிறது. தமிழ்நாட்டுத் தம்பதிகளின் சேமிப்பைப் பேசப் புகுந்தவன் சீட்டைப் பேசாமல் போக முடியாது; அதைச் சற்று நிதானமாகவே பார்க்கலாம். 20 பேர், தலைக்கு 5,000, மாதம் ஒரு லட்சம், 20 மாதம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சீட்டு நடத்துகிற அம்மாள் வீட்டுத் திண்ணையிலோ கூடத்திலோ ஏலம் நடக்கும். "இந்த மாசம் எனக்கு விட்டுக் கொடுங்க அக்கா, காலேஜுக்குக் கட்டோணும்" என்று ஒருவர் கெஞ்ச, அவரைவிட அவசரக்காரர் ஒருவர் அதற்குள் தள்ளுபடியை 2,000 ரூபாய் ஏற்றிவிடுவார். 30,000 ரூபாய் தள்ளி ஒருவர் எடுத்தார் என்றால் அவர் கைக்கு 70,000 கிடைக்கும். தள்ளின 30,000-இல் 5,000 நடத்துகிறவரின் கமிஷன். எஞ்சிய 25,000 இருபது பேருக்கும் பங்காகி, ஆளுக்கு 1,250 கழிய, அந்த மாதம் எல்லோரும் கட்ட வேண்டியது 3,750 தான்.

இந்தச் சீட்டில் யார் முதலில் எடுக்கிறார்கள், யார் கடைசிவரை காத்திருக்கிறார்கள் என்று கவனித்தால், இல்லறத்தின் பருவங்கள் அத்தனையும் அந்தத் திண்ணையிலேயே தெரியும். புதிதாகக் கல்யாணமானவர்கள் கடைசிச் சீட்டுக்குக் காத்திருப்பார்கள்; அவர்களுக்கு அது சேமிப்பு. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளை உடையவர்கள் ஜூன் மாதத்தில் முந்திக்கொண்டு கேட்பார்கள். அவர்களுக்கு அது கடன். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துவிட்டவர், ஆவணியிலோ தையிலோ முகூர்த்தம் வைத்துக்கொண்டு, எவ்வளவு தள்ளியாவது எடுத்துவிடுவார். அவருக்கு அது தவிப்பு. இளையவர்களின் மிச்சமே நடுவயதுக்காரர்களின் கடனாகவும், நடுவயதுக்காரர்களின் அவசரமே இளையவர்களின் லாபமாகவும் மாறுகிற இந்த ஏற்பாட்டை எந்தப் பொருளாதார நிபுணரும் வந்து கற்றுக்கொடுக்கவில்லை.

ஆபத்தும் அதிலேயே இருக்கிறது. சீட்டுகளைக் கட்டுப்படுத்தத் தமிழ்நாட்டில் 1961-லேயே சட்டம் வந்தது. 1982-இல் மத்திய அரசின் சீட்டு நிதிச் சட்டம் வந்தது. நடத்துகிறவரின் கமிஷன் 5 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது என்றிருந்ததை 2019-இல் 7 சதவீதமாக உயர்த்தினார்கள். பதிவு செய்த சீட்டுக்குத்தான் இந்தப் பாதுகாப்பெல்லாம். தெருச் சீட்டுக்கு நடத்துகிறவரின் முகராசியே ஜாமீன். ஒருநாள் காலையில் அவர் வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கினால் போலீஸ் நிலையத்து வாசலில் நிற்க வேண்டியதுதான். கட்டடமும் பெயர்ப்பலகையும் இருந்துவிட்டால் மட்டும் பத்திரம் என்றும் சொல்வதற்கில்லை. சென்னையில் அர்பத்நாட் கம்பெனி என்ற வெள்ளைக்கார வங்கி 1906 அக்டோபரில் மூழ்கியபோது, உத்தியோகஸ்தர்களும் விதவைகளும் போட்டு வைத்த ஆயுட்காலச் சேமிப்பு அதனோடு போயிற்று. அந்தத் துயரத்தின் எதிரொலியாகவே மறுவருஷம் இந்தியன் வங்கி தோன்றியது.

சீட்டு நிற்க, ஆலைத் தொழிலாளியின் உண்மையான சேமிப்பு அவன் கண்ணில் படாமலே நடக்கிறது. 1952-ஆம் வருஷத்துச் சட்டப்படி சம்பளத்தில் 12 சதவீதம் வருங்கால வைப்பு நிதிக்குப் பிடித்தமாகிறது. முதலாளியும் அதே அளவு போட வேண்டும். அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000 ரூபாய் என்றால் தொழிலாளியின் பங்கு 1,800. முதலாளியின் 1,800-இல் 1,250 ஓய்வூதியக் கணக்குக்குப் போக, 550 வைப்பு நிதியில் சேர்கிறது. ஆக மாதம் 2,350. சம்பளம் ஒரு ரூபாய்கூட உயரவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், 8 சதவீத வட்டியில் முப்பது வருஷத்தில் இது சுமார் 35 லட்சம் ஆகும். இந்தத் தொகையைப் பார்த்தவர்கள் மிகச் சிலர். வேலை மாறும்போதெல்லாம் கணக்கை முடித்து வாங்கிக்கொள்வதும், கல்யாணம், வீடு, வைத்தியம் என்று இடையிடையே எடுப்பதுமாக முப்பது வருஷத்துப் பயிரை நாலைந்து தடவை நாற்றிலேயே பிடுங்கிவிடுகிறோம்.

கூட்டு வட்டியின் மர்மம் காலத்தில் இருக்கிறதே ஒழியத் தொகையில் இல்லை. மாதம் 1,000 ரூபாயை அதே 8 சதவீதத்தில் பத்து வருஷம் போட்டால் 1,83,000 ஆகும். இருபது வருஷம் போட்டால் 5,89,000. முப்பது வருஷம் போட்டால் 14,90,000. நாற்பத்தெட்டாவது வயதில் விழித்துக்கொண்டு, பத்து வருஷத்தில் அந்த 14,90,000-ஐ எட்டிவிடலாம் என்று புறப்படுகிறவர் மாதம் 8,100 ரூபாய்க்கு மேல் போட வேண்டியிருக்கும். புதுத் தம்பதிக்கு உபதேசம் செய்ய வருகிற உறவினர்கள் குழந்தையைப் பற்றி விசாரிக்கும் ஆவலில் பத்தில் ஒரு பங்கை இதைச் சொல்வதில் காட்டினால் நல்லது.

குழந்தை பிறந்தவுடன் மிச்சம் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. செலவு கூடுவதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். வரவு குறைவதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் ஸ்தாபனங்களில் பிரசவத்துக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு என்று 2017-இல் சட்டம் திருத்தப்பட்டிருந்தும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத வீட்டில் மனைவி வேலையை விடுவதே பெருவழக்காக இருக்கிறது. நம் கோயம்புத்தூர் வீட்டில் 42,000 ஒரே நாளில் 28,000 ஆகிவிடும். தடுப்பூசியும் பால் மாவும் அப்போதுதான் ஆரம்பமாகும். சீட்டு நிற்கும். வைப்பு நிதிப் பிடித்தம் மட்டும், நிறுத்த வழியில்லாத காரணத்தால், தொடரும். குழந்தை பெண்ணாயிருந்தால் அஞ்சலகத்தில் செல்வமகள் கணக்குத் தொடங்கச் சொல்லித் தபால்காரரே வற்புறுத்துவார். 2015-இல் வந்த அந்தத் திட்டத்தில் வருஷத்துக்கு 250 ரூபாய் கட்டினாலும் கணக்கு உயிரோடு இருக்கும். 15 வருஷம் கட்டி 21 வருஷம் நிறைந்ததும் எடுக்கலாம். நடுவில் கை வைக்க எளிதில் விடாததே அதன் மேன்மை.

இந்த வறண்ட காலத்தில் குடும்பத்தைத் தாங்குவது மனைவியின் சிறுவாடு. அரிசிப் பானையிலும், அஞ்சறைப் பெட்டியின் அடியிலும், புடவை மடிப்பிலும் கணவன் அறியாமல் சேர்கிற அந்தப் பணத்துக்கு எந்தப் புள்ளிவிவரத்திலும் இடமில்லை. அறியாமல் என்றேன், பெரும்பாலும் அவன் அறிந்தே அறியாதவன்போல் இருப்பான். 1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் இந்தச் சிறுவாட்டை அடுக்களையிலிருந்து வங்கிக்கு அழைத்துப்போயின. 2023 செப்டம்பர் முதல் ஒரு கோடிக்கு மேற்பட்ட குடும்பத் தலைவிகளுக்கு அரசு தருகிற மாதம் 1,000 ரூபாயும் பல வீடுகளில் குழுச் சந்தாவாகவோ அஞ்சலகத் தொடர் வைப்பாகவோ போய்ச் சேர்கிறது. தன் பெயரில் ஒரு கணக்கு, தன் கையெழுத்தில் எடுக்கிற பணம் என்பது ஒரு குடும்பத்தின் மிச்சத்தைப் பெருக்குவதோடு, அந்த வீட்டில் அவளுடைய சொல்லுக்கு இருக்கும் மதிப்பையும் பெருக்குகிறது.

நாற்பதை நெருங்கும்போது வரும்படி மெல்ல உயரும். மனைவி மறுபடியும் வேலைக்குப் போவாள். இருவரும் சேர்ந்து 75,000 ரூபாய் கொண்டுவருகிறார்கள் என்று கொள்வோம். மொதிலியானியின் கணக்குப்படி இனிமேல்தான் சேமிப்பின் உச்சம். நம்மவர்கள் அப்போதுதான் வீடு கட்டுகிறார்கள். ஏன் அதுவரை கட்டவில்லை? முதலில் தங்கை, பிறகு பிள்ளைகள், பிறகு அப்பாவின் வைத்தியம். முன்பணத்துக்கு வேண்டிய தொகை சேர்வதற்குள் தலையில் நரை விழுந்துவிடுகிறது. 42-ஆவது வயதில் 30 லட்ச ரூபாய் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருஷம். மாதத் தவணை 26,035 ரூபாய். வீட்டுக்காகக் கட்டுவது எல்லாம் சேமிப்புத்தானே என்று தம்பதிகள் தங்களைத் தேற்றிக்கொள்வார்கள். முதல் மாதத் தவணையைப் பிரித்துப் பார்த்தால் அதில் 21,250 ரூபாய் வட்டி. அசலில் கழிவது 4,785 மட்டுமே. ஐந்து வருஷத்தில் 15,62,000 ரூபாய் கட்டி முடித்தபின்னும் கடன் 26,44,000 நிற்கும். இருபது வருஷத்தில் மொத்தமாகக் கட்டுவது 62,48,000.

வீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொந்த வீட்டில் குடியிருப்பதன் மனநிம்மதிக்கு விலை சொல்ல முடியாது. நிலத்தின் விலை ஏறினால் கணக்கு வேறுவிதமாகவும் முடியலாம். ஆனால் ஆலையில் ஓய்வு 58 வயதில். கடைசித் தவணை 62 வயதில். நாலு வருஷத் தவணை சம்பளம் இல்லாத காலத்தில் விழுகிறது. கிரகப்பிரவேசத்தன்று மாவிலைத் தோரணம் கட்டுகிற உற்சாகத்தில் இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. கடனோடு ஓய்வு வயதை எட்டுவதாக ரிசர்வ் வங்கியின் குழு எழுதிய குடும்பங்கள் வேறெங்கோ இருப்பவை அல்ல.

தேசம் முழுவதையும் எடுத்துக்கொண்டாலும் இதே சாயல்தான். குடும்பங்களின் நிகர நிதிச் சேமிப்பு, அதாவது வங்கி, காப்புறுதி, பங்கு முதலியவற்றில் சேர்த்ததிலிருந்து வாங்கிய கடனைக் கழித்த பின் நிற்பது, கொரோனா வருஷமான 2020-21இல் தேசிய உற்பத்தியில் 11 சதவீதத்துக்கு மேல் இருந்தது. 2022-23இல் ஏறக்குறைய 5 சதவீதமாகச் சுருங்கியது. ஜனங்கள் சேர்க்க மறந்துவிட்டார்கள் என்பதல்ல இதன் பொருள். சேர்ப்பதை வீட்டிலும் வண்டியிலும் போடுகிறார்கள். அவற்றுக்காகக் கடனும் வாங்குகிறார்கள்.

ஐம்பதுக்கு மேல், பிள்ளைகள் படித்து முடித்து வேலைக்குப் போனதும், இரண்டாவது முறையாகக் கதவு திறக்கிறது. பள்ளிக் கட்டணம் இல்லை. சம்பளம் உச்சத்தில் இருக்கிறது. வாயும் வயிறும் அடங்கிவிட்டன. ஆனால் பிள்ளைகளின் கல்யாணங்கள் வந்து அந்தக் கதவை அடைக்கின்றன. ஒரு நாள் மண்டபத்துக்கும், இரண்டு வேளை சாப்பாட்டுக்கும், ஊர் மெச்சுகிற பத்திரிகைக்கும், பத்து வருஷச் சேமிப்பை எடுத்துக் கொடுக்கிற பெற்றோரைக் கண்டிக்க எனக்கு மனம் வரவில்லை. அவர்களைக் கண்டிக்காத சமூகத்தைக் கண்டிக்கலாம். புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களில் பேராவூரணி, கீரமங்கலம் பக்கத்து ஜனங்கள் மொய் விருந்து என்ற ஏற்பாட்டால் இதைக் கொஞ்சம் சமாளிக்கிறார்கள். ஆடி, ஆவணி மாதங்களில் விருந்து போட்டு, முன்பு தாம் பிறருக்கு எழுதிய மொய்யை மொத்தமாகத் திரும்பப் பெறுகிறார்கள். வந்தவர் பெயரும் தொகையும் நோட்டில் ஏறும். அவர் விருந்து வைக்கும்போது அதைத் திருப்பி எழுத வேண்டும். விருந்துக்கு ஆட்டுக்கறி அடுக்கடுக்காக வெந்தாலும், அடிப்படையில் அது வட்டியில்லாத ஊர்ச் சீட்டுத்தான்.

ஓய்வுக்குப் பின் சேர்த்ததை எடுத்துச் சாப்பிடுவார்கள் என்ற சித்தாந்தம் நம் முதியவர்களிடம் முற்றிலும் தோற்றுப்போகிறது. எடுத்துச் சாப்பிட இருப்பதே சிலருக்குத்தான். வைப்பு நிதியோடு சேர்ந்த ஓய்வூதியத் திட்டத்தில், 15,000 ரூபாய் வரம்புக்குட்பட்ட சம்பளத்துக்கு முப்பது வருஷம் உழைத்தவருக்கும் மாதம் 7,000 ரூபாய் கிட்டாது. தமிழ்நாட்டில் 2003 ஏப்ரலுக்கு முன் அரசாங்க உத்தியோகத்தில் சேர்ந்தவர்கள் பாக்கியசாலிகள். பின்னால் வந்தவர்களுக்குச் சம்பளத்திலிருந்து பங்கு கட்டும் திட்டம் வந்தது. ஆனால் கையில் பத்து லட்சம் வைத்திருக்கும் தம்பதிகளும் அசலைத் தொடமாட்டார்கள். மூத்த குடிமக்கள் திட்டத்தில் போட்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருகிற வட்டியை வாங்கி, அதிலும் ஒரு பகுதியைப் பேரன் பெயரில் போடுவார்கள். வீட்டை வங்கிக்கு ஈடாகக் கொடுத்து மாதந்தோறும் பணம் பெற்றுக்கொண்டு, ஆயுள் முழுவதும் அதிலேயே குடியிருக்கும் ஏற்பாடு 2007-லேயே வந்தது. நம்மவர்கள் அதைச் சீந்தவில்லை. ஆஸ்பத்திரி பயமும், பிள்ளைகளிடம் கை நீட்டக்கூடாது என்ற மானமும், எதையாவது விட்டுச் செல்ல வேண்டும் என்ற ஆசையும் சேர்ந்து, எழுபது வயதிலும் நம் தாத்தா பாட்டிகளைச் சேமிக்க வைக்கின்றன. பல்லுக்கு வைத்தியம் செய்துகொள்ளாமல் பேத்திக்குக் கால் பவுன் வாங்கும் கிழவியைத் தியாகி என்று கொண்டாடுவதைக் காட்டிலும், பல் வைத்தியரிடம் அழைத்துப் போவதே மரியாதை.

கடைசியாக ஒரு பருவம் இருக்கிறது. சித்தாந்தங்கள் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. தம்பதி என்பது இருவர். இருவரும் ஒரே நாளில் போவதில்லை. பெரும்பாலும் கணவன் மூத்தவன், மனைவி நீண்ட ஆயுள் உடையவள். ஆகவே இருவரும் சேர்த்ததைக் கடைசியில் தனியாக நின்று கேட்டு வாங்க வேண்டியவள் அவள்தான். எந்த வங்கியில் எந்தக் கணக்கு, காப்புறுதிப் பத்திரம் எந்தப் பெட்டியில், வைப்பு நிதிக்கு யாரை எழுதிக் கொடுத்தார் என்று ஒன்றும் தெரியாமல் அலைகிற பெண்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். பத்து வருஷம் யாரும் கேட்காத வங்கி வைப்புகள் ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போகின்றன. 2024 மார்ச் முடிவில் அப்படிக் கிடந்த தொகை 78,000 கோடி ரூபாய்க்கு மேல். அவற்றைத் தேடிக் கண்டுபிடிக்க உத்கம் என்ற இணையதளத்தை ரிசர்வ் வங்கி 2023-இல் ஏற்படுத்தியிருக்கிறது. தேட வேண்டிய அவசியமே வராமல் செய்துகொள்வது அதைவிட எளிது. வாசகர்கள் இந்த வாரத்திலேயே, கணவனும் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து, பாஸ்புத்தகம், பாலிசி, வைப்பு நிதிக் கணக்கு எல்லாவற்றையும் எடுத்து, நாமினி என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பார்க்கட்டும். கல்யாணத்துக்கு முன் தொடங்கிய கணக்குகளில் பெரும்பாலும் தாயாரின் பெயரே மாறாமல் இருக்கும்.